மனமொத்த மாறுதல்

சித்தேரி மலை,
10.11.2024

அன்புள்ள கோகி,

இங்கே வந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் பேசலாம் என்றால், பள்ளிக்குப் பின்னாலுள்ள பாறைமேல் ஏறி நின்றால்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது. 'சாப்பிட்டியா' என்று கேட்டு முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். போன சனிக்கிழமை கடத்தூர் வந்தபோது நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். அன்புவைத் தர்மபுரிக்கு டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்கு முன்பு வந்தபோதும் நீ இல்லை.

பையன் எப்படி இருக்கிறான்? வலிப்பு குறைந்திருக்கிறதா?

இந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லாமல் நெடுநாளாகிறது. பத்தாம் வகுப்பில் அடிப்படை விகிதசமத் தேற்றத்தை நான் போர்டில் எழுதியதும் பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரி என்று வெளியே அழைத்துப் போனேன். வாசலில் பெரிய இலவ மரம் ஒன்று இருக்கிறது. அதன் உயரத்தைக் கண்டுபிடிப்போம் என்றேன். மணிமேகலை என்று ஒரு பெண். "எதுக்குங்க டீச்சர்? எங்கப்பாவைக் கூட்டியாந்தா கயித்தோட மேல ஏறி அளந்து சொல்லிருவாரு" என்றாள். உங்கப்பா வராமலே அளக்கலாம் வா என்று ஒரு குச்சியை நட்டுவைத்தேன். குச்சியும் அதன் நிழலும் ஒரு முக்கோணம். மரமும் அதன் நிழலும் இன்னொன்று. வெயில் இரண்டின்மேலும் ஒரே சாய்வில்தான் விழுகிறது, ஆகவே இரண்டும் வடிவொத்தவை. கணக்குப் போட்டுச் சொன்னோம். மறுநாள் அவள் அப்பா நிஜமாகவே கயிற்றோடு வந்து ஏறினார்! ஒரு முழம்கூட வித்தியாசமில்லை. அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

குலுக்கலில் என் பெயர் வந்துவிட்டதே என்று நீ இன்னும் வருந்திக்கொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம். பிள்ளைகள் குறைந்துபோய் இரண்டு கணக்கு டீச்சரில் ஒருவர் உபரி என்று ஆனபிறகு யாராவது ஒருவர் வெளியேறித்தானே ஆக வேண்டும்? பாரதிக்குப் பத்தாம் வகுப்பு என்பது மட்டும்தான் உறுத்தல். அவளுக்கு நீ இருக்கிறாய். அவள் அப்பா தக்காளித் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு அவளையும் பார்க்க முடியாது. உன் மகளாக நினைத்துப் பார்த்துக்கொள்.

உன்,
யுவா


கடத்தூர்,
24.11.2024

அன்புள்ள யுவா,

உன் கடிதம் வந்து சில நாளாயிற்று. எழுத உட்காருவேன், அன்பு கூப்பிடுவான், எழுந்துவிடுவேன். புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பகலெல்லாம் தூங்குகிறான். தூங்கும்போதாவது விழமாட்டான் என்று நானும் விட்டுவிடுகிறேன். பிரபாகர் ஓசூரிலிருந்து எப்போதும்போல மாதம் ஒருமுறைதான் மகனைப் பார்க்க வருகிறார்.

பாரதி தினமும் பள்ளி விட்டதும் என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். 'அத்தை, இன்னிக்கு என்ன குழம்பு?' என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைகிறாள். வடிவொத்த முக்கோணத்தில் எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் ஒத்தது என்பதை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறாள். முதலில் கோணங்களைப் பார், அப்புறம் பக்கத்துக்கு வா என்று சொல்லிச் சொல்லி இப்போது பரவாயில்லை.

ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலியை அறிவியல் டீச்சர் எடுத்துக்கொண்டார்.

மரம் அளந்த கதையைப் பாரதிக்குப் படித்துக் காட்டினேன். குலுக்கல் பற்றி எழுதியிருந்த இடத்தை விட்டுவிட்டேன். நீ இவ்வளவு பிரியமாக எழுதாதே யுவா. எனக்குப் பதில் எழுத வரமாட்டேன் என்கிறது.

கோகி


சித்தேரி மலை,
08.01.2025

அன்புள்ள கோகி,

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதே.

இந்த வாரம் நிகழ்தகவு ஆரம்பித்தேன். நாணயம், பகடை என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, குலுக்கல் நடத்திக் காட்டினேன். யார் போர்டைத் துடைப்பது என்பதற்கு இரண்டு சீட்டு. ஒன்றில் மணிமேகலை, மற்றொன்றில் வீரமணி. இரண்டு பேருக்கும் வாய்ப்பு சமம், ஆளுக்குப் பாதி. மணிமேகலையையே எடுக்கச் சொன்னேன். அவள் பெயரே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் மற்றொரு சீட்டைக் குப்பையில் போடப் போனேன்.

"அதையும் பிரிங்க டீச்சர்" என்றாள்.

"எதுக்கும்மா? ஒம் பேருதான் வந்திருச்சே."

"எங்கூருல கோயில் மொத மரியாதைக்குக் குலுக்கிப் போட்டாங்கன்னா மிச்சச் சீட்டையும் பிரிச்சுக் காட்டோணுங்க. காட்டலீனா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. ரெண்டுலயும் ஒரே பேரை எழுதியிருந்தா என்னங்க டீச்சர் பண்றது?"

பிரித்தேன். வீரமணி என்றுதான் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத்தான் அதற்குப் பிறகு பாடம் ஓடவில்லை.

தலைமையாசிரியர் ராஜாமணி சார் அறையில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேந்தவங்க, நீங்களே பேசி ஒருத்தர் போக விருப்பம்னு எழுதிக் குடுத்துட்டா எனக்குச் சங்கடமில்லீங்க" என்று அவர் சொன்னார். சீட்டை எழுதியவள் நீ. உன் சாப்பாட்டு டப்பா மூடியில் போட்டுக் குலுக்கினாய். நான் எடுத்தேன். என் பெயர். உடனே நீ மூடியை உன் பக்கம் இழுத்தாய். மற்ற சீட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாய். உன்னைத் தேற்றுவதில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது, கோகி?

யுவா


கடத்தூர்,
19.01.2025

யுவராணி,

இப்படி ஒரு கேள்வியை உன்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பெண் விளையாட்டாக ஏதோ சொன்னாள் என்பதற்காக, இத்தனை வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட என்னைச் சந்தேகப்படுகிறாயா?

ஒன்றில் உன் பெயர் என்றால் மற்றதில் யார் பெயர் இருக்கும்? அந்தத் துண்டுக் காகிதத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அங்கேயே குப்பையில் போட்டிருப்பேன்.

பாரதிக்குத் திருப்புதல் தேர்வு நெருங்குகிறது. அவளுக்குத் தினமும் மாலை முழுதும் என்னோடுதான் போகிறது, நினைவிருக்கட்டும். அன்பு போன வாரம் அவன் பள்ளி வராந்தாவில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. எனக்கு இதெல்லாம் யோசிக்க நேரமில்லை.

கோகிலவாணி


சித்தேரி மலை,
27.01.2025

கோகி,

அன்புவின் நெற்றி எப்படி இருக்கிறது என்று மட்டும் முதலில் சொல்.

நீ பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். 'என் பெயர் இருந்தது' என்று ஒரு வரி எழுதவில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய் என்று நான் கேட்கமாட்டேன், அவனை இதற்குள் இழுக்க வேண்டாம். இருந்தது, இல்லை. இரண்டில் ஒன்றை எழுது. எழுதினால் நம்பிவிடுகிறேன்.

யுவா


கடத்தூர்,
06.02.2025

யுவா,

எழுதினால் நம்பிவிடுவேன் என்று எழுதிவிட்டாயே, அதனால்தான் பொய் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் உன் பெயர்தான்.

இப்போது நான் சொல்வதையும் கேள்.

முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். அந்த வாரம் அன்பு திரும்பத் திரும்ப விழுந்ததைச் சொன்னேன். நம் பள்ளி எங்கள் தெருவிலேயே இருப்பதால்தான் போன் வந்ததும் ஓட முடிகிறது என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "செரியாயிரும் கோகி, வயசு ஏற ஏற நின்னுரும்" என்று சொன்னாய். அதோடு பாரதியின் காலாண்டுத் தேர்வுப் பேச்சுக்குப் போய்விட்டாய். அப்புறம் நீயேதான் சொன்னாய், "குலுக்கிப் போட்டுரலாம். பாதிக்குப் பாதி. யாருக்கும் யார்மேலயும் வருத்தமிருக்காது." எவ்வளவு லேசாகச் சொன்னாய்!

இரண்டு பேருக்கும் பாதிதான், கணக்கு சரிதான். உன் பெயர் வந்தால் நீ மகளை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருப்பாய். என் பெயர் வந்தால் அன்பு வாயில் நுரையோடு கிடக்கும்போது நான் நினைத்த நேரத்துக்கு பஸ் கிடைக்காத மலையில் நிற்பேன். அந்தப் பாதியை நான் எப்படிக் குலுக்கலில் விடுவது? அன்றிரவு எழுதவில்லை, திட்டமும் போடவில்லை. பேனாவை எடுத்து உன் பெயரை எழுதினேன். அடுத்த சீட்டில் என் பெயரை எழுதத்தான் போனேன். கை உன் பெயரையே எழுதிற்று.

அழுதது நடிப்பில்லை. அதை மட்டும் நம்பு.

பாரதியிடம் இப்போது சொல்லிவிடாதே. பொதுத்தேர்வு முடியட்டும். பிறகு உன் இஷ்டம்.

கோகி


சித்தேரி மலை,
04.03.2025

கோகிலவாணிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாரதிக்கு டெங்கு என்ற செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அவளை அட்மிட் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் அப்பா போன் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் மேலே வரும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் ஓடிவந்து வார்டுக்குள் நுழைந்தால், அவள் தலைமாட்டில் நீ. உன் மடியில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். "வா யுவா, ஒக்காரு. ரத்தத் தட்டணு ஏறிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று உன் இடத்தை எனக்கு விட்டு எழுந்தாய். என் மகளிடம் எனக்கு நீ இடம் விட்டாய்!

"கோகிலா இல்லீனா நான் என்ன பண்ணியிருப்பேன்னே தெரியலை. ரெண்டு ராத்திரியும் வூட்டுக்கே போகலை. ஒரு நன்றி சொல்லு" என்றார் அவள் அப்பா. எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். நீயும் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாய். பாரதி கண்விழித்து நம்மைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நீ அவளைக் கவனித்தது நிஜம். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தலைமாட்டில் நான் இல்லாமல் போனது எதனால் என்பது அந்த வார்டில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே நன்றியை வாங்கிக்கொண்டாய்.

பஸ் ஸ்டாண்டில் நான் லேசாகப் பேசினேன் என்கிறாய். பேசியிருப்பேன். அன்பு விழுந்த கதையை நீ சொன்னபோது, துக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறாய் என்று நினைத்தேன். ஆறுதல் சொன்னேன். 'எனக்குப் பதிலா நீ போறியா யுவா' என்று நீ கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு உன்னிடம் வாய் இல்லை, என் பெயரை இரண்டு தரம் எழுதக் கை இருந்தது.

கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு ஆசை. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பாரதிக்குப் பத்தாம் வகுப்பு. ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேனோ? நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டாய். வேலையை மாற்றியதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

அன்றைக்கு நிகழ்தகவு வகுப்பில், நடந்தே தீரும் உறுதியான நிகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு சொல்லச் சொன்னேன். 'சூரியன் கிழக்கே உதிப்பது' என்றார்கள். நான் அந்த மூடியில் கை விட்டபோது என் பெயர் வருவதும் அப்படித்தான். நான் விரலால் துழாவி, இதுவா அதுவா என்று தயங்கித் தயங்கி எடுத்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

பாரதியிடம் சொல்லவில்லை. உனக்காக அல்ல, அவள் பரீட்சைக்காக. அவள் உன்னிடமே படிக்கட்டும். எனக்கு எழுத வேண்டாம்.

யுவராணி


கடத்தூர்,
21.05.2025

யுவா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

பாரதியின் மதிப்பெண்ணை நீ பார்த்திருப்பாய். கணக்கில் அவள்தான் பள்ளியில் முதல். ஸ்வீட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா ஏன் அத்தை ஒங்ககிட்டப் பேசறதே இல்லை? வூட்டுல கேட்டா பேச்சை மாத்துது" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

ராஜாமணி சாரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "இதை எழுத்துல குடுத்தா ரெண்டு பேர் வேலையிலயும் வில்லங்கமாயிரும். நேரா ஆக வேண்டியதைப் பாருங்கம்மா" என்றார். பொது மாறுதல் கலந்தாய்வு வருகிறது. நாம் இரண்டு பேரும் சம்மதித்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பத்தை நிரப்பி, என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ போட்டால் போதும். ஜூனில் உன் வகுப்பறையில் நீ இருப்பாய்.

அன்புவைப் பற்றி யோசிக்காதே. மலைக்கு அவனையும் அழைத்துப் போகிறேன். பிரபாகரின் அம்மா கூட வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக வலிப்பும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

கோகி


சித்தேரி மலை,
30.05.2025

கோகிலவாணி,

விண்ணப்பம் வந்தது. மேலே தலைப்பைப் பார்த்தாயா? 'மனமொத்த மாறுதல்.' வகுப்பில் வடிவொத்தவை, வடிவொத்தவை என்று வருடம் முழுக்கக் கத்திவிட்டு இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. நம் இரண்டு பேருக்கும் எது ஒத்திருக்கிறது என்று இதில் கையெழுத்துப் போடுவது?

இருந்தாலும் பேனாவை எடுத்தேன். போடத்தான் எடுத்தேன். உன்னைப் போகவிட வேண்டும், பாறைமேல் ஏறிச் சிக்னலுக்கு அலையவிட வேண்டும், உன் பிள்ளைக்கு ஒன்றென்றால் செய்தி தாமதமாக வர வேண்டும் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

போன வாரம், லீவிலும் புதுச் சேர்க்கை வேலையாக நான் இங்கே இருந்தபோது, மணிமேகலையின் தம்பியைப் பாம்பு தீண்டிவிட்டது. 108-க்குச் சொல்லப் பாறைக்கு ஓடினார்கள். வண்டி வளைவெல்லாம் ஏறி வருவதற்குள் பொறுமையில்லாமல் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். மடியில் அவனை வைத்திருந்தவள் நான்தான். அரூர் ஆஸ்பத்திரி வரும்வரை மூச்சு இருக்கிறதா, இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டான். அந்த வளைவுகளில் எனக்கு அன்புவின் முகம்தான் தெரிந்தது. பலமுறை என் தோளில் தூங்கிய பிள்ளை. அவனை இங்கே கூட்டிவராதே. இரண்டு மாதம் வரவில்லை என்பதை வைத்து இனி வராது என்று கணக்கு டீச்சர் நீ எழுதலாமா?

கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

பாரதியை அரூரில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கிறேன். அங்கேயே வீடு பார்த்தாயிற்று. காலை பஸ்ஸில் நான் மேலே வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன். அவள் அப்பா தோட்டத்தை விட்டு வரமுடியாது, ஞாயிறுதோறும் வந்து போவார். நீ இனி அவளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் உன்னைப் பார்க்க வருவாள், வந்தால் சோறு போடு. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் அத்தையோடு பேசுவதில்லை என்று என்னையும் கேட்டாள். மலையில் சிக்னல் இல்லை என்றேன். என் மகளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. உனக்காகச் சொன்னது. இனி உனக்காக ஒன்றும் செய்யமாட்டேன்.

மன்னிப்பைப் பற்றி நீயே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு இந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியாமல் போனதால் தெரிந்துவிட்டது. மார்ச்சில் எழுதி அடித்த வரியை இப்போது அடிக்காமல் எழுதுகிறேன். நீ கேட்டிருந்தால் போயிருப்பேன். முதலில் உன்னிடம் சண்டை போட்டிருப்பேன், பாரதியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், ராஜாமணி சாரிடம் நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். பஸ் ஏற்றிவிட நீ வந்திருப்பாய். நானும் ஜன்னல் வழியாக உனக்குக் கையாட்டியிருப்பேன்.

யுவராணி